கிபாயத்துல்லா கழற்றிய ஏ.சி.

ஏ.சி. மாட்டப் போகிற வீட்டில் கிபாயத்துல்லா முதலில் சமையலறைக்குத்தான் போவார். குளிரவேண்டிய அறையைப் பார்ப்பதெல்லாம் அப்புறம். அடுப்பு எத்தனை, அதில் என்ன எரிகிறது, இஸ்திரிப் பெட்டி எந்த அறையில் என்று கேட்டுவிட்டு, மொட்டைமாடிக்கு ஏறி நடுப்பகல் வெயிலில் தளத்தின்மேல் வெறுங்காலை வைத்துப் பார்ப்பார். வீட்டுக்காரர்களுக்கு இது பிடிக்காது. முன்பின் தெரியாத ஆள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுப்படிக்குள் நுழைந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

"குளுரு எங்க வோணும்னு எல்லாரும் சொல்றாங்கோ சார். சூடு எங்கேர்ந்து வர்துன்னு ஒர்த்தரும் சொல்றதில்ல. அத்த நான்தான் தேடிக்கணும்" என்பார்.

பல்லாவரத்துக்காரர். எட்டாவதோடு நின்றுவிட்டு ராயபுரத்தில் ஒரு ஐஸ் ஃபாக்டரியில் சேர்ந்து, அங்கே கம்ப்ரசர் வேலை பழகி, பிறகு சைக்கிள் கேரியரில் ஸ்பானர் பையைக் கட்டிக்கொண்டு சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தவர். நான் சொல்வது எழுபத்து நாலாம் வருஷம். தாம்பரம் பக்கத்தில் ஏ.சி. உள்ள வீடுகளை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். அதனால் பாதி நாள் அவர் கொடுத்தது யோசனைதான். "மாடிக்கு ரெண்டு கோட்டு சுண்ணாம்பு அடிங்க. மேக்கு ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டுங்க. இத்த பண்ணிட்டும் வேவுதுன்னா அப்பால என்னக் கூப்டுங்க" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். தனக்கு வருகிற வேலையைத் தானே வேண்டாமென்று சொல்கிற மெக்கானிக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவருக்கு அப்போது முப்பது வயதிருக்கும். எனக்கு இருபத்து மூன்று. திண்டிவனத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, முதல் வகுப்பு. எங்கள் அப்பாவுக்கு எழுதத் தெரியாது; பக்கத்து வீட்டாரைக் கொண்டு கடிதம் எழுதுவார். ஆனால் உறையின்மேல் தசரதன் என்ற பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி. என்று போட்டிருக்கிறதா என்று விரலை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் தபால்பெட்டியில் போடுவாராம். கோட்டைக்குப் பக்கத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எனக்கு வேலை. மேற்குத் தாம்பரத்தில் சத்தியநாதன் சார் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன்.

சத்தியநாதன் சார் பாங்கில் ஆபீசர். மனைவி ரத்தினபாய். ஒரே மகள் ஞானஜோதி. அதற்கு முந்தின வருஷம் மே மாதம் ஞானஜோதிக்கு முதல் குழந்தை பிறந்து, பத்தொன்பதாம் நாள் காய்ச்சல் கண்டு இறந்துபோனது. உடம்பு அடுப்பாகக் கொதித்தது என்று ரத்தினபாய் அம்மா என்னிடமே இரண்டு முறை சொல்லி அழுதிருக்கிறார். வெக்கைதான் கொன்றது என்று சார் முடிவுகட்டிவிட்டார். இரண்டாவது பிரசவமும் சித்திரையிலேயே என்று டாக்டர் சொன்னதும், மவுண்ட் ரோட்டில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி ஆபீஸைக் காலி செய்து ஏலம் விட்டபோது ஒரு பழைய ஜன்னல் ஏ.சி.யை எடுத்து டாக்சியின் டிக்கியில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். இந்தக் குழந்தை பிழைக்கவேண்டும். அந்த வீட்டில் அந்த வருஷம் வேறு பேச்சே கிடையாது.

ஏப்ரல் முதல் வாரம் கிபாயத்துல்லா மாட்ட வந்தார். வழக்கம்போல் அடுப்படி.

"கேஸ்தான்யா. ஒரே அடுப்பு" என்றார் ரத்தினபாய் அம்மா.

"கரி, வெறகு, உமி?"

"கரியா? இந்த வீட்ல கரி வாங்கி நாலு வருஷம் ஆச்சு." அம்மாவின் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அது உண்மையும்கூட. ஞானஜோதி எட்டு மாத வயிற்றோடு சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

அறைக்கு ஒரே ஜன்னல், கிணற்றடிப் பக்கம். அதன் கம்பிகளை அறுத்தெடுத்துவிட்டு, வெளியே இரும்பு ஆங்கிள் அடித்து, இயந்திரத்தை அதில் உட்காரவைத்து நான்கு போல்ட்டால் முடுக்கினார். பின்பக்கம் தண்ணீர் வடிய ஒரு விரற்கடை சரிவு. மீட்டர் போர்டிலிருந்து தனி ஒயர். எல்லாம் முடித்து, முன்பக்கத்துச் சின்ன நெம்புகோல் ஒன்றை ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை.

"இது வெளிக்காத்து வர்ற வழி சார். துருப்புடிச்சி மூடிகினு கீது. தெறக்கணும்னா மொத்தமா பிரிக்கணும். பரவால்ல. மேல வென்டிலேட்டர் கீதே, அத்த மட்டும் மூடாதீங்க. ஒரு சாண் தொறந்தே கெடக்கட்டும்."

"பாய், குளிர்ந்த காத்து அது வழியா வெளிய போயிடாதா?" என்று கேட்டேன். வீட்டில் என்னைத்தவிர வேறு யாரும் விஞ்ஞானம் படித்ததில்லை.

"போவாது பி.எஸ்ஸி. சார். குளுந்த காத்து கனம். அது தரையில படுத்துகினு கெடக்கும். மேல ஏறிப் போறது சூடுதான். போவட்டுமே, நமக்கு இன்னா?" என்று சிரித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து சாக்பீஸ் எடுத்து வென்டிலேட்டருக்குக் கீழே சுவரில் 'மூடக்கூடாது' என்று எழுதினார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. நான் அதைத்தான் கவனித்தேன்.

ஏப்ரல் முப்பதாம் தேதி ஆண் குழந்தை பிறந்தது. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். அதற்குள் ரயில்வே வேலைநிறுத்தம் ஆரம்பித்துவிட்டது. ஞானஜோதியின் கணவர் நெய்வேலியில் மாட்டிக்கொண்டார். சத்தியநாதன் சார் விடியற்காலையில் கிளம்பிப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பாரிமுனைக்குப் போய்வந்தார். பல நாள் எனக்கு அதுவும் கிடைக்காமல் வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

வெயில் அனலாக அடித்தது. ஏ.சி. ஓடியது. ஆனால் அறை சார் நினைத்த அளவு குளிரவில்லை. பதினைந்தாம் நாள் மாலை அவர் அறை நடுவில் நின்று மேலே பார்த்தார்.

"தசரதா, நீ சயின்ஸ் ஆளு. இந்த ஓட்டையை வச்சுக்கிட்டு மெஷினை ஓட்டறது ஓட்டைக் குடத்துல தண்ணி மொள்ற மாதிரி இல்ல?"

"ஆமா சார். அடைச்சிடணும்" என்றேன்.

தாயையும் பிள்ளையையும் கூடத்துக்கு அனுப்பிவிட்டு நான்தான் செய்தேன். மைதா மாவைக் காய்ச்சி, கரப்பான் அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து, பழுப்புக் காகிதத்தை மூன்று மடிப்பாக வைத்து ஒட்டினேன். ஓரத்தில் ஊசி நுழைய இடமில்லை. அந்த வழியாகக் கை போனபோது சாக்பீஸ் எழுத்தை உள்ளங்கையால் துடைத்துவிட்டேன். அன்றிரவு அறை நிஜமாகவே சில்லென்று ஆனது. சார் என் முதுகில் தட்டினார்.

எனக்குத் தெரியாத ஒன்று அந்த அறையில் நடந்துகொண்டிருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு சில்லிடக்கூடாது என்பது ரத்தினபாய் அம்மாவின் உறுதி. முதல் பிரசவத்தின்போது ஏ.சி. இல்லை; அந்த வெக்கையில் கரிக்குத் தேவை வரவில்லை. குழந்தைக்குக் குளிர் வேண்டும், தாய்க்குச் சூடு வேண்டும். அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். சந்தையிலிருந்து ஒரு சாக்குக் கரி வாங்கிவந்து, தினமும் காலை மகளைத் தலைக்குக் குளிக்கவைத்ததும், மண்சட்டியில் கங்கு போட்டுச் சாம்பிராணி தூவிக் கட்டிலுக்கடியில் தள்ளிவைத்தார். மேலே ஏ.சி., கீழே கரிச்சட்டி. காகிதம் ஒட்டுவதற்கு முன்னும் அப்படித்தான் நடந்தது. அப்போது புகை மேலே போய்க்கொண்டிருந்தது. ஒட்டிய மறுநாள் ஞானஜோதிக்குத் தலைவலி, இரண்டு முறை வாந்தி. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா சட்டியில் இன்னும் கொஞ்சம் கங்கு சேர்த்தார்.

பதினேழாம் நாள். காலை பதினோரு மணி. நான் கிணற்றடியில் சட்டை துவைத்துக்கொண்டிருந்தபோது கிபாயத்துல்லா சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு வந்து இறங்கினார். கூப்பிடாமல் வந்திருந்தார்.

"கொழந்த பொறந்துச்சா?"

"ஆம்பளைப் பிள்ளை. என்ன பாய், விருந்துக்கா?"

அவர் சிரிக்கவில்லை. "நேத்து ராத்திரி சம்சாரத்துகிட்ட இந்த வூட்டப் பத்திச் சொன்னேன். ஷம்சாத் இன்னா கேட்டா தெரியுமா? 'வயித்துப் புள்ளக்காரி எதுக்க நின்னுகினு கீறா, நீ அடுப்ப மட்டும் பாத்துட்டு வந்தியா? புள்ள பெத்தா கரிச்சட்டி வெப்பாங்களே, அது தெரியாது உனுக்கு?'ன்னா. வென்டிலேட்டர் தொறந்துதானே கீதுன்னேன். ஆனா தூக்கம் வர்ல." பேசிக்கொண்டே தலையை உயர்த்தினவர் அப்படியே நின்றார். வெளிப்பக்கத்திலிருந்து பழுப்புக் காகிதம் நன்றாகத் தெரிந்தது.

"அத்த யார் மூடனது?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் சமையலறைக்குள் போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன். மூலையில் கரிச்சாக்கு பாதி காலியாகிச் சாய்ந்து கிடந்தது.

"அம்மா, சட்டி எங்க?"

ரத்தினபாய் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். "உள்ளதான். ஏன்யா?"

"கூப்புடுங்க பொண்ண."

"இப்பதான் தலை காய்ஞ்சு தூங்குறா. நீ உள்ள எல்லாம் போகக் கூடாது. பிள்ளை பெத்தவ ரூமு."

"நான் போவல தாயி. வாசல்ல நின்னு நீங்க கூப்புடுங்க. ஒரே ஒரு தபா."

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பலகை சரியாகப் பொருந்தாததால் குளிர் போகாமலிருக்க ஞானஜோதி எப்போதும் மேல்தாழும் நடுத்தாழும் போட்டுக்கொள்வாள். அம்மா மெல்லக் கூப்பிட்டார். "ஜோதி... ஏ ஜோதி."

ஏ.சி. ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அசந்து தூங்குறா" என்றார் அம்மா.

"கொழந்த?"

"அவனும் தூங்குறான்."

"எத்தினி நாழியா அழுவல?"

அம்மா வாயைத் திறந்தார். ஒன்பது மணிக்குக் குளியல். அதற்கப்புறம் ஒருமுறைகூட... அவருடைய ஈரக்கை புடவையில் துடைத்தபடியே நின்றுவிட்டது. அடுத்த நொடி இரண்டு கையாலும் கதவை அறைந்தார். "ஜோதி! ஜோதிம்மா!"

எனக்கு அப்போதுதான் தெரிந்தது. காற்றுப் போதாமல் எரிகிற கரியிலிருந்து வருகிற வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் பிராணவாயு உட்காரவேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். பத்து மார்க் கேள்வி. மூன்று பக்கம் எழுதி ஒன்பது வாங்கியிருக்கிறேன். கிபாயத்துல்லா அதை வேறு விதமாகத் தெரிந்துவைத்திருந்தார். ஐஸ் ஃபாக்டரியில் ஒரு மழைக்காலத்தில் மூட்டை தூக்குகிற இரண்டு பேர், குளிர் வெளியேறாமலிருக்கச் சுவரெல்லாம் கார்க் பலகை அடித்த அறைக்குள் கணப்புச் சட்டியோடு படுத்தார்களாம். காலையில் திறந்தபோது முகம் செக்கச்செவேலென்று, தூங்குகிற மாதிரியே இருந்தார்களாம்.

நாங்கள் இரண்டு பேரும் கதவில் தோளால் மோதினோம். தேக்கு. நான்கு முறை மோதியும் தூசி மட்டும்தான் உதிர்ந்தது.

"இது ஆவாது" என்று கிபாயத்துல்லா கொல்லைப்பக்கம் ஓடினார். "டேய், போய் மெயின அணைடா!"

அந்த 'டேய்' எனக்குத்தான். போய் அணைத்தேன். திரும்பி வந்தபோது அவர் ஏ.சி.யின் ஆங்கிளில் இரண்டு போல்ட்டைக் கழற்றியிருந்தார். மூன்றாவது கழன்றது. நான்காவது, ஒரு மாதத் தண்ணீரில் துருவேறி, சுற்றவில்லை. ஸ்பானர் நழுவி அவர் விரல் முட்டி சுவரில் உரசித் தோல் போனது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. சுத்தியலை எடுத்து போல்ட்டின் தலையிலேயே அடித்தார். ஒன்று. இரண்டு. உள்ளே அம்மா கதவை அறைந்துகொண்டே பைபிள் வசனமும் மகள் பெயரும் கலந்து கத்திக்கொண்டிருந்தார். ஐந்தாவது அடியில் தலை தெறித்தது.

"புடி. இழு. ஒடம்புல உழாம ஒதுங்கிக்கோ."

"பாய், மெஷின்..."

"மெஷினா? அட இழுடா!"

ஒன்றரை நெல் மூட்டை கனம். இருவரும் சுவரில் காலை ஊன்றி இழுத்தோம். அவர் கையால் வைத்து, அவர் கையால் சரிவு பார்த்து முடுக்கிய இயந்திரம் துவைக்கும் கல்லின்மேல் விழுந்தது. குழாய் உடைந்து வாயு சீறியது. சுவரில் ஒரு சதுர ஓட்டை. அதில் அவர் தோள் நுழையாது. என்னைப் பார்த்தார்.

"மூச்ச நல்லா இழுத்துக்கோ. உள்ளப் போனா உடாத. மொத வேல தாழ்ப்பா. புரிஞ்சிச்சா? புள்ளயத் தொடாத, அவளத் தொடாத. தாழ்ப்பா."

தலைகீழாக உள்ளே விழுந்தேன். மூச்சை அடக்கியும் சாம்பிராணி வாசனை மூக்கில் ஏறியது; இனிமையாக இருந்தது, அதுதான் பயங்கரம். கட்டிலில் ஞானஜோதி, அவிழ்த்த கூந்தல் தலையணையில் விரிந்து கிடக்க, கன்னம் ரோஜா நிறத்தில். பக்கத்தில் துணிக்குள் குழந்தை. அசைவில்லை. நடுத்தாழ் உடனே விலகியது. மேல்தாழ் சிக்கிக்கொண்டது. மூச்சு முட்டியது. காதுக்குள் இரைந்தது. கட்டைவிரலால் நெம்பி, உள்ளங்கையால் குத்தி, கடைசியில் தொங்கினேன். தாழ் கீழே வந்தது. கதவு திறந்த வேகத்தில் நான் ரத்தினபாய் அம்மாவின் காலடியில் விழுந்தேன்.

அம்மா குழந்தையை எடுத்துக்கொண்டு வெயிலுக்கு ஓடினார். கிபாயத்துல்லா ஞானஜோதியைப் படுக்கைப் பாயோடு சேர்த்து வாரித் தூக்கி வாசலில் கிடத்தினார். பிள்ளை பெற்றவள் அறைக்குள் யார் போகலாம், யார் போகக்கூடாது என்ற பேச்சே எழவில்லை. எதிர்வீட்டுக் கார் வந்தது. குழந்தையின் உள்ளங்காலைக் கிபாயத்துல்லா விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். "அழு ராஜா. ஒரு தபா அழு. உங்க தாத்தாவ வேணா திட்டு. அழு." கார் கேட்டைத் தாண்டும்போது பூனைக்குட்டி முனகுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. அம்மா காருக்குள் ஓவென்று அலறினார்.

ஞானஜோதி கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பிராணவாயு வைத்தார்கள். மணி ஒன்று, இரண்டு. வராந்தாவில் நானும் கிபாயத்துல்லாவும் ஆளுக்கொரு தூணில் சாய்ந்திருந்தோம். மூன்றேகாலுக்குச் சத்தியநாதன் சார் வந்தார். அதற்குள் தெருவே பேசி முடித்திருந்தது, ஏ.சி.யிலிருந்து விஷவாயு கசிந்துவிட்டதென்று. உடைந்த இயந்திரம் சீறியதைத்தான் எல்லாரும் கேட்டார்களே. சார் நேராக வந்து கிபாயத்துல்லாவின் சட்டையைப் பிடித்தார்.

"உன்ன நம்பித்தானேயா விட்டேன்! உன் மெஷின் கேஸ் என் பொண்ணைக் கொல்லப் பாத்துச்சேயா!"

கிபாயத்துல்லா கையை விலக்கவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் சொல்லிவிட்டேன். ஆனால் உடனே சொல்லவில்லை. சார் அவரை இரண்டு முறை உலுக்கும்வரை நின்றுகொண்டுதான் இருந்தேன்.

"சார், ஏ.சி. கேஸ் இல்ல. அது உடைச்சப்புறம் வந்த சத்தம். இது கரிவாயு. மேல போக வழியில்லாம போச்சு. வென்டிலேட்டர அடைச்சது நான். பாய் மூடக்கூடாதுன்னு எழுதியிருந்தாரு. அதையும் நான்தான் அழிச்சேன்."

சாருடைய விரல்கள் சட்டையிலிருந்து விலக நேரமாயிற்று. அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, "நான் சொன்னேன், நீ செஞ்சே" என்று மட்டும் சொன்னார். ஐந்து மணிக்கு நர்ஸ் வெளியே வந்து, "கண்ணு திறந்துட்டாங்க. குழந்தை எங்கேன்னு கேக்கிறாங்க" என்றாள். கிபாயத்துல்லா எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அடுப்படியில் அவர் கேட்கிற கேள்விகளில் ஒன்று கூடியது. "வூட்ல வயித்துப் புள்ளக்காரி யாராச்சும் கீறாங்களா?" குரோம்பேட்டையில் ஒரு வீட்டில் இதைக் கேட்டதற்குத் துடைப்பத்தைக் காட்டினார்களாம். "காட்டட்டும் சார், எனுக்கின்னா. பதில் சொல்ற வரிக்கும் ஸ்பானர வெளிய எடுக்கமாட்டேன்" என்றார்.

ஞானஜோதி வீடு திரும்பின மறுவாரம் அவர் வந்து, ஜன்னல் ஓட்டைக்குக் கம்பிவலை அடித்து வெட்டிவேர்த் தட்டி கட்டினார். மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆளும் அவரே பிடித்துக்கொடுத்தார். வென்டிலேட்டர் காகிதத்தைச் சுரண்டும் வேலை எனக்கு. ஏணியில் ஏறி பிளேடால் சுரண்டினேன். மயில்துத்தம் கலந்த பசை கல்லாக இறுகியிருந்தது. கீழே கிபாயத்துல்லா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நல்லாத்தான் ஒட்டிகீற பி.எஸ்ஸி. சார். ரெண்டு மணி நேரமா சுரண்டியும் வர்லியே. படிச்சவன் வேலன்னா வேலதான்."

"போதும் பாய்."

"நான் இன்னா சொல்லிட்டேன்? பாராட்டினேன்."

கூடத்திலிருந்து ஞானஜோதியின் குரல் வந்தது. "அண்ணா, சத்தம் போடாதீங்க ரெண்டு பேரும். இப்பதான் தூங்கினான்."

நான் பிளேடை நிறுத்தினேன். காகிதம் முக்கால்வாசி கிழிந்து, அந்த இடைவெளியில் வெயில் அறைக்குள் விழுந்துகொண்டிருந்தது. அறை ஓரத்துத் தொட்டிலில் குழந்தை அசையவில்லை. கிபாயத்துல்லா ஏணியைப் பிடித்த கையோடு தொட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அன்று மாடம்பாக்கத்தில் இன்னொரு வேலை இருந்தது. நேரமாகிவிட்டது என்று வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர்.

"பாய், நீங்க கிளம்புங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றேன் மெல்ல.

"இரு" என்றார்.

கால் மணி நேரம் போயிருக்கும். அதுவரை நானும் சுரண்டவில்லை. குழந்தை காலை உதறி, முகத்தைச் சுளித்து, வீடே அதிர அழுதது. கிபாயத்துல்லா ஏணியிலிருந்து கையை எடுத்தார்.